சிரட்டையை யார் கொட்டினது?

பேசாலையில் எங்கள் அப்பப்பாவின் வீட்டு விறாந்தையில், தென்மேற்கு மூலையில் ஒரு சாய்மனைக் கதிரை இருந்தது. பக்கத்தில் ஒரு முக்காலி. முக்காலியில் மூன்றே மூன்று சாமான்: ஒரு பழைய பிஸ்கட் ரின், ஒரு நெருப்புப்பெட்டி, கடற்கரை மணல் அரைவாசிக்கு நிரப்பின ஒரு சிரட்டை. ரின்னுக்குள் சுருட்டு. தலைக்கு மேல் ஆணியில் ஒரு சின்ன றேடியோ.

செபமாலை முடிந்து, பிள்ளைகள் எல்லாரும் பெரியாக்களுக்குத் தோத்திரம் சொன்ன பிறகு அப்பப்பா அந்தக் கதிரையில் சாய்வார். ஒரு நாளைக்கு ஒரு சுருட்டு. அதற்கு மேல் இல்லை. முழுசாக முடியாவிட்டால் குறையை மணலில் குத்தி அணைத்து ரின்னுக்குள் திரும்ப வைப்பார். கட்டில் கிட்ட ஒரு துண்டுச் சாம்பல் கிடந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஊரில் மற்ற ஆக்கள் சந்தியில், வாடியில், வள்ளத்தில் கண்டபடி பத்துவார்கள். எங்கள் அப்பப்பா அப்படி இல்லை என்பதில் எங்களுக்குப் பெருமை.

நாங்கள் என்றால் மூன்று பேர். பெரியப்பா மகன், சித்தப்பா மகன், இதை எழுதுகிறவன். ஒரே வளவுக்குள் வளர்ந்தவர்கள். நெருப்புப்பெட்டி எடுத்துக் கொடுக்கிறதும், றேடியோவைத் திருப்புகிறதும், கடைக்குப் போய் ஒரு கட்டுச் சுருட்டு வாங்கி வருகிறதும் எங்கள் வேலை. கடைக்காரர் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்கிறது. சட்டம் வந்த பிறகும் "அப்பப்பாவுக்கு" என்ற ஒரு சொல் எங்களுக்குப் போதுமாக இருந்தது.

இந்த மூலையை நாங்கள் ஏன் இவ்வளவு மதித்தோம் என்று சொல்ல வேண்டும். அது வெறும் புகைக்கிற இடம் இல்லை.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கினபோது மன்னார்க் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான சனம் படகேறி இராமேஸ்வரம் போனது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் கடல் ஏறக்குறைய 30 கிலோமீற்றர்தான். அந்தக் கூட்டத்தில் அப்பப்பாவும் அப்பம்மாவும் பிள்ளைகளும். மண்டபம் முகாமில் குடும்பத்துக்கு ஒரு அறை, நடுவில் சேலைத் திரை. அங்கே யாழ்ப்பாணத்துச் சுருட்டுக்கு எங்கே போவது? பீடிக்கு மாறினார். ஆனால் அங்கேயும் ஒரு தகரப் பேணி, ஒரு நெருப்புப்பெட்டி, மண் போட்ட ஒரு சிரட்டை. திரும்பி வந்து, இடிந்த வீட்டின் ஒரு சுவரை நிமிர்த்தி, ஓலை போட்டுக் கொண்டு இருந்த நாட்களிலும் முதலில் சரியான இடம் அந்த மூலைதானாம். கதிரை இல்லை, ஒரு கட்டை. கட்டைக்குப் பக்கத்தில் சிரட்டை.

வலையும் வள்ளமும் போய், வீடும் போய், கடைசியில் தன் கைக்குள் ஒழுங்காக வைத்திருக்க முடிந்தது அந்த அரை மணித்தியாலம்தான் என்று நாங்கள் பிறகு விளங்கிக்கொண்டோம். அதனால்தான் அந்த முக்காலியை நாங்கள் ஒரு பீடம் மாதிரிப் பார்த்தோம்.

அப்பப்பா எழுபத்தொன்பது வயதில் செத்தார். நித்திரையில். "நாளுக்கு ஒண்டு பத்தினவர், எண்பது மட்டும் இருந்தவர்தானே" என்று செத்த வீட்டிலேயே சொன்னார்கள். அந்த வசனத்தை நாங்கள் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டோம், பிறகு தேவைப்படும் என்று தெரியாமலே.

தேவைப்பட்டது. யாழ்ப்பாணத்தில் படிக்கப் போய், திருநெல்வேலியில் ஒரு மேல்மாடியை மூன்று பேரும் வாடகைக்கு எடுத்தோம். முதல் வருடத்திலேயே சிகரெட் வந்துவிட்டது. எப்படி வந்தது என்பதில் புதினம் ஒன்றும் இல்லை, எல்லாருக்கும் வருகிற மாதிரித்தான். ஆனால் நாங்கள் அப்பப்பாவின் பேரப்பிள்ளைகள். கண்டபடி பத்த மாட்டோம். எங்களுக்கு ஒரு செற்றப் வேண்டும்.

செய்தோம். பின்பக்கப் பல்கனியில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை, ஒரு ஸ்டூல். ஸ்டூலில் ஒரு தட்டு. தட்டில் ஒரு லைற்றர், மூடி இறுக்கமான ஒரு தேயிலை ரின், கால்வாசித் தண்ணீர் ஊற்றின ஜாம் போத்தல். ஜாம் போத்தல் மூடிபோட்டபடி இருக்கும், மணம் வராது. சட்டங்களும் போட்டோம். அறைக்குள் இல்லை. ஆளுக்கு ஒன்று. இரவு ஒன்பதுக்குப் பிறகு இல்லை. கடைசியாகப் பத்தினவன் போத்தலைக் கழுவ வேண்டும். சிகரெட் விலை ஏறினபோது எங்களில் ஒருத்தன் பீடிக்கு மாறினான், "அப்பப்பாவும் மண்டபத்தில பத்தினவர்தானே" என்று. பின்னேர வெளிச்சத்தில் அந்தத் தட்டைப் படம் பிடித்துப் போட்டும் இருக்கிறோம். வடிவாகத்தான் இருந்தது. விருப்பமும் நிறைய வந்தது.

உண்மையைச் சொன்னால் நாங்கள் சந்தோசமாக இருந்தோம். சோதனை, வீட்டுக் காசு, வேலை கிடைக்குமா என்ற பயம் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒழுங்காக ஒரு இடம். அதைக் கெட்ட பழக்கம் என்று நினைக்கவே தோன்றவில்லை. கெட்ட பழக்கம் என்றால் குப்பையாக இருக்க வேண்டும் இல்லையா?

பிறகு அப்பம்மா வந்தார்.

இரண்டு வருடமாக விடாத இருமல். மன்னாரில் காட்டி, யாழ்ப்பாணத்தில் ஒரு கிளினிக்குக்குத் துண்டு கொடுத்து விட்டார்கள். இரண்டு இரவு எங்களோடு தங்க வேண்டும். வருகிறார் என்று தெரிந்ததும் தட்டை அலுமாரிக்குள் வைத்தோம், கதிரையைக் கழுவினோம், மிச்ச மணத்துக்குச் சாம்பிராணி போட்டோம். புகையை மறைக்க இன்னொரு புகை. அப்பம்மா படியேறி வந்து, சாம்பிராணியில் இருமி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கி, பிறகு சுற்றிப் பார்த்துச் சொன்னார்: "நல்ல துப்புரவா வச்சிருக்கிறீங்கள் பிள்ளையள்."

கிளினிக்கில் டொக்டர் இரண்டு கேள்வி கேட்டார். "விறகடுப்பில சமைக்கிறனீங்களா அம்மா?" ஓம் என்றார் அப்பம்மா. "வீட்டில யாராவது பத்துறவையா?" இல்லை என்றார்.

நாங்கள் மூன்று பேரும் பின்னால் நின்றோம். ஒருத்தனின் பொக்கற்றில் பெட்டி இருந்தது. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

நுரையீரலின் காற்றுக் குழாய்கள் மெல்ல மெல்ல ஒடுங்கிக்கொண்டு போகிற நோய் என்றார் டொக்டர். இழுக்கிற பம் எழுதிக் கொடுத்தார். விறகுப் புகையும் இதைச் செய்யும், கூட இருக்கிறவரின் புகையிலைப் புகையும் செய்யும், எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஏலாது என்றார். இதை நாங்களும் பிரித்துச் சொல்லப் போவதில்லை. குசினி அடுப்புக்கு முன்னால் அப்பம்மா நின்ற வருடங்கள் சுருட்டின் வருடங்களை விடக் குறைவில்லை.

திரும்பி வரும்போது ஓட்டோவில் கேட்டோம். "ஏன் அப்பம்மா இல்லை எண்டு சொன்னனீங்கள்?"

"அவர் செத்து ஒன்பது வருசம். அதோட அவர் எங்க வீட்டுக்குள்ள பத்தினவர்? விறாந்தையிலதானே."

அன்றிரவு இதைத் தங்கச்சிக்குப் போனில் சொன்னோம். பெரியப்பாவின் கடைசி மகள், பேசாலையில் அப்பம்மாவோடு இருக்கிறவள். அப்பப்பா எவ்வளவு ஒழுங்காக வைத்திருந்தார், அப்பம்மாவுக்கே அது புகைக்கிறதாகத் தெரியவில்லை பார் என்று ஏதோ பெருமை மாதிரிக் கதைத்தோம். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள்:

"அந்தச் சிரட்டையை யார் கொட்டினது எண்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

எங்களுக்கு ஞாபகம் இல்லை. யோசித்துப் பார்த்தோம், உண்மையிலேயே இல்லை. ஒவ்வொரு பின்னேரமும் சிரட்டையில் புது மணல் இருக்கும். அது எப்படி வந்தது என்று ஒரு நாளும் நாங்கள் நினைத்ததில்லை.

காலமை எழும்பி முற்றம் கூட்டும்போது அப்பம்மா கொட்டுவார். அப்பம்மா பூசைக்குப் போனால் தங்கச்சி கொட்டுவாள், ஆறு வயதிலிருந்து. கடற்கரைக்குப் போய் மணல் அள்ளி வருவதும் அவள்தான். சாய்மனைத் துணியை வாரத்துக்கு ஒருக்கால் தோய்ப்பது அப்பம்மா. சுவரில் மஞ்சளாகப் படிந்த கறையைப் பெருநாளுக்கு முன்னம் சுண்ணாம்படித்து மறைப்பது பெரியம்மா. நெருப்புப்பெட்டி எடுத்துக் கொடுக்கிற வேலை பெடியன்களுக்கு. சாம்பல் கொட்டுகிற வேலை பெட்டைகளுக்கு. எங்களுக்குக் கிடைத்தது சுருட்டு பற்றுகிற வெளிச்சம். அவர்களுக்குக் கிடைத்தது மிச்சம்.

நாங்கள் அப்பப்பாவின் ஒழுங்கு என்று நினைத்தது அப்பம்மாவின் வேலை.

இது விளங்கின பிறகு மற்றதெல்லாம் கட்டுக்கட்டாக அவிழத் தொடங்கியது. எங்கள் செற்றப்பின் ஒவ்வொரு சட்டத்தையும் எடுத்துப் பார்த்தோம்.

வெளியில்தானே என்கிறது முதல் சட்டம். பேசாலையில் காற்றுக்குக் குறைவில்லை. தீவின் தென்கரையில் 2020இல் திறந்த தம்பபவனி காற்றாலைகள், 30 கோபுரம், 103.5 மெகாவாற், சும்மா அங்கே வந்து நிற்கவில்லை. புகையைக் காற்று கொண்டு போய்விடும் என்று நினைப்போம். எங்கே கொண்டு போகும்? அப்பப்பாவின் கதிரை தென்மேற்கு மூலையில். குசினி வடகிழக்கில். மே மாதத்திலிருந்து செப்ரெம்பர் மட்டும் சோளகக் காற்று தென்மேற்கிலிருந்துதான் வீசும். விறாந்தைப் புகை நடுவீட்டுக்குள்ளால் நேரே குசினிக்குத்தான் போயிருக்கிறது. அங்கே அப்பம்மா இரவுச் சாப்பாடு சமைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் மற்றவர்களின் புகையால் சாகிற புகைக்காத ஆக்கள் வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல். அந்த எண்ணை முன்னரும் வாசித்திருக்கிறோம். ஆனால் அதற்குள் ஒரு குசினி இருக்கும் என்று நினைத்ததில்லை.

துப்புரவாகத்தானே என்கிறது இரண்டாவது. சாம்பல் கண்ணுக்குத் தெரியும், கழுவலாம். ஆனால் புகையில் உள்ள நிக்கொட்டின் சுவரிலும் துணியிலும் தலைமயிரிலும் ஒட்டிக்கொண்டு நாட்கணக்கில் இருக்கும். அது காற்றிலுள்ள நைத்திரசு அமிலத்தோடு சேர்ந்து புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களாக மாறுகிறது என்று அமெரிக்காவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தினர் 2010இல் காட்டினார்கள். சாம்பிராணியோ ஸ்பிரேயோ மணத்தை மறைக்கும், பொருளை எடுக்காது.

நாளுக்கு ஒன்றுதானே என்கிறது மூன்றாவது. நாங்கள் ஆகக் கூட நம்பினது இதைத்தான். 2018இல் பிரித்தானிய மருத்துவ இதழில் 141 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது. நாளுக்கு 20 சிகரெட் புகைக்கிற ஆணுக்கு இதயநோய் ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ, அதில் கிட்டத்தட்ட அரைவாசி நாளுக்கு ஒன்றே ஒன்று புகைக்கிறவருக்கும் கூடுகிறது என்பது அதன் முடிவு. இருபதில் ஒரு பங்கு இல்லை, அரைவாசி. நுரையீரல் புற்றுநோயில் கணக்கு வேறு, அங்கே எண்ணிக்கை குறையக் குறைய ஆபத்தும் நன்றாகக் குறையும். இதயம் அப்படிக் கணக்குப் பார்க்காது. சுருட்டுக்கும் தனிக் கணக்கு உண்டு. அதை உள்ளே இழுக்காவிட்டாலும் நிக்கொட்டின் வாய்த் தோலுக்குள்ளால் இறங்கும், வாய்ப்புற்றுநோய்க்கும் அதுவே வழி. இலங்கை ஆண்களிடம் ஆகக் கூடுதலாகக் காணப்படுகிற புற்றுநோய் வாயில் வருவதுதான். அதில் வெற்றிலைக்கும் பெரிய பங்கு உண்டு.

பீடிக்கு மாறினவனுக்கும் ஒரு கதை இருந்தது. பீடி இலை மத்திய இந்தியாவின் காடுகளில் பறிக்கிறது. திருநெல்வேலிப் பக்கம், தமிழ்நாட்டுத் திருநெல்வேலி, பெண்கள் வீட்டு வாசலில் முறத்தை மடியில் வைத்துப் புகையிலைத் தூளைச் சுவாசித்தபடி சுற்றுகிறார்கள். அதே இலை மூட்டை மூட்டையாக இரவில் கடல் தாண்டி எங்கள் கரைக்கும் வருகிறது. தலைமன்னார்ப் பக்கம் கடற்படை பிடித்தது என்ற செய்தி எங்களுக்குப் புதிதே இல்லை. பீடியின் நுனியில் கட்டியிருக்கிற அந்தச் சின்ன நூலைப் பார்த்து "எவ்வளவு நீற்றா இருக்கு" என்று ரசித்திருக்கிறோம். அந்த நீற்றும் யாரோ ஒரு அம்மாவின் விரல் வேலை. எங்கே பார்த்தாலும் ஒழுங்கு எங்கள் கையில், தூசி இன்னொருத்தரின் மூச்சில்.

சட்டம் பஸ்ஸில் புகைக்காதே என்கிறது, விளம்பரம் போடாதே என்கிறது. 2015இலிருந்து சிகரெட் பெட்டியில் நூற்றுக்கு 80 வீதத்துக்கு எச்சரிக்கைப் படம் போட வைத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் நாங்கள் என்ன செய்தோம்? அந்தப் படம் கண்ணில் படக்கூடாது என்றுதான் சிகரெட்டைத் தேயிலை ரின்னுக்குள் மாற்றி வைத்தோம். ரின்னில் ஒரு பூப் படம்.

அப்பப்பாவை இப்போது குற்றவாளியாக்க எங்களுக்கு மனமில்லை. அவருக்குத் தேவைப்பட்டது என்ன என்று கன நாள் கதைத்தோம். நாள் முழுக்கக் கடலும் கடனும் சென்ரியும். பின்னேரம் அரை மணித்தியாலம் ஒருத்தரும் ஒன்றும் கேட்காத ஒரு இடம் வேண்டியிருந்தது. அதற்கு அனுமதிச் சீட்டு மாதிரி இருந்தது சுருட்டு. சும்மா கதிரையில் சாய்ந்து கிடந்தால் ஆம்பிளைக்கு வேலையில்லையா என்பார்கள். கையில் சுருட்டு இருந்தால் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். அப்பம்மாவுக்கு அப்படி ஒரு அரை மணித்தியாலம் ஒரு நாளும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எங்களுக்குத் தேவைப்பட்டதும் கிட்டத்தட்ட அதே இடம்தான். ஆனால் அந்த இடத்தை நாங்கள் வடிவாக்க வடிவாக்க, அதுவே எங்களைக் கூப்பிடத் தொடங்கியிருந்தது. ஆறு மணி, கதிரை, தட்டு, லைற்றர்ச் சத்தம். இழுத்துப் பத்து விநாடியளவில் நிக்கொட்டின் மூளைக்குப் போய்விடும். நாள் தவறாமல் ஒரே இடம், ஒரே நேரம், ஒரே சாமான் என்றால் மூளை அதை மறக்குமா? கண்டபடி பத்துகிறவனுக்கு விடுகிறது கஷ்டம். எங்களைப் போல ஒழுங்காகப் பத்துகிறவனுக்கு விட வேண்டும் என்ற நினைப்பே வராது.

அதனால் தட்டை உடைத்து எறிந்தோம், அன்றிலிருந்து தொடவில்லை என்றெல்லாம் எழுத ஆசைதான். நடந்தது அப்படி இல்லை. இரண்டு பேர் விட்டோம். ஒருத்தன் இரண்டு தரம் விட்டுத் திரும்பத் தொடங்கி, மூன்றாம் தரம் விட்டு இன்றைக்கு நாலு மாதம். மற்றவன் இன்னும் பத்துகிறான். ஆனால் செற்றப் இல்லை. ரின் இல்லை, பெட்டி பெட்டியாகவே இருக்கிறது, படத்தோடு. ஒழுங்கை முடக்கில் நின்று பத்தி, வந்து குளித்து, தன் உடுப்பைத் தானே தோய்க்கிறான். "வடிவா இல்லைத்தான்" என்கிறான். வடிவாக இல்லாதபடியால் குறைந்தும் இருக்கிறது.

பல்கனிக் கதிரையை நாங்கள் எடுக்கவில்லை. அது நல்ல இடம். ஆறு மணிக்கு இப்போதும் அங்கே ஒருத்தன் இருப்பான், கையில் பிளேன்ரீ. அவனிடம் அந்த நேரத்தில் ஒன்றும் கேட்பதில்லை என்ற சட்டம் அப்படியே இருக்கிறது. சும்மா இருக்கிறதுக்கு ஒரு சாட்டும் தேவையில்லை என்று பழகிக்கொள்ள எங்களுக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

போன மாதம் ஊருக்குப் போனோம். அப்பப்பாவின் கதிரை அதே மூலையில்தான். முக்காலியில் இப்போது அப்பம்மாவின் பம்மும் ஒரு செம்பு தண்ணீரும் செபமாலையும். விறகடுப்புக்குப் பதிலாகத் தங்கச்சி வேலைக்குப் போய்க் காசு சேர்த்து காஸ் அடுப்பு வாங்கி வைத்திருக்கிறாள். பின்னேரம் செபம் முடிந்து தோத்திரம் சொன்ன பிறகு அப்பம்மாவைக் கொண்டுபோய் அந்தக் கதிரையில் இருத்தினோம். முதலில் மாட்டேன் என்றார். "அது அவற்ற இடம்." பிறகு மெதுவாகச் சாய்ந்தார். சோளகம் முகத்தில் அடித்தது. றேடியோவை ஒருத்தன் திருப்பினான். இராச் சாப்பாட்டை ஒருத்தன் பார்த்துக்கொண்டான். புட்டு கொஞ்சம் கட்டிபட்டுத்தான் போனது.

விடியக் காலமை முற்றத்தை நாங்கள் கூட்டினோம். சிரட்டை ஒன்று வேலியோரம் கவிழ்ந்து கிடந்தது. கொட்டுவதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை.